தறி ஓடும்போது மட்டும் வந்த கோபம்: ஒரு நிகழ்வு ஆய்வு

குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களோடு பேசுவதும், வெளியே வர நினைப்பவர்களுக்கு வழி பார்த்துக் கொடுப்பதும் என் வேலை. இந்த ஆய்வில் வருவது ஒரே ஒரு பெண்ணின் கதை அல்ல. பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறி வீடுகளிலிருந்து ஒரே சாயலில் வந்த சில வழக்குகளைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றி, ஒரே வழக்காக எழுதியிருக்கிறேன். யாருக்கும் பெயர் வைக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு 29 வயது. பி.காம். படித்தவர். கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பெற்றோர் காங்கேயம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறார்கள். கல்யாணம் ஆக வேண்டிய தங்கச்சி ஒருத்தி உண்டு. கணவனுக்குச் சொந்தமாக 16 தறி. கூலிக்கு நெய்து கொடுக்கிறான். வீட்டை ஒட்டியே தறிக் குடோன். யூ.கே.ஜி. படிக்கும் ஒரு பெண் குழந்தை.

அவர் தனக்காக வரவில்லை, குழந்தைக்காக வந்தார். பள்ளியில் ஆண் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறது, வேன் டிரைவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அப்படித்தான் என்று வகுப்பு மிஸ் கவனித்து, யாரிடமாவது காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

“வீட்டுல யாராவது சத்தம் போடுவாங்களா?”

“அவரு கொஞ்சம் கோபக்காரருங்க. மத்தபடி தங்கமான மனுசன். குடிக்க மாட்டாரு, சீட்டு ஆட மாட்டாரு. தறியுண்டு வீடுண்டுன்னு இருப்பாரு.”

“கோபம் வந்தா கை நீட்டுவாரா?”

பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எந்த வீட்லதாங்க இல்ல?” என்றார்.

“பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கேக்கலியா?”

“தறிச் சத்தத்துல யாருக்குங்க கேக்கும்?”

“கரண்ட் இல்லாத அன்னிக்கு?”

அவர் யோசித்தார். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காக மின்வாரியம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்தும். அன்றைக்கு அந்த ஊர் முழுக்க தறி நின்றுவிடும். நாலு வீடு தள்ளிப் பேசுவதுகூடக் காதில் விழும். “அன்னிக்கு அவருக்குக் கோபமே வராதுங்க” என்றார். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இந்த வழக்கின் மையம் அந்த ஒரு பதில்தான். 16 தறி ஓடும் குடோனுக்குப் பக்கத்தில் நின்று பேசினால், எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சத்தத்துக்குள் என்ன நடந்தாலும் வெளியே தெரியாது. கோபத்தை அடக்கத் தெரியாதவன் கரண்ட் இல்லாத நாளிலும் அடித்திருப்பான். பாவு (தறியில் ஏற்றும் நூல்) கொடுத்து நெய்யச் சொல்லி, துணியில் குறை சொல்லிக் கூலியைப் பிடிக்கிற ஜவுளிக்காரரிடமும் கை நீட்டியிருப்பான். அங்கே போனால் “சரிங்கண்ணா, அடுத்த பாவுல பாத்துக்கறனுங்க” என்று குனிந்து நின்றுவிட்டு வருகிறான். அடி விழுந்த இடங்களும் ரவிக்கைக் கை மறைக்கிற மேற்கையும் முதுகும்தான். முகத்தில் ஒரு கீறல் கிடையாது. யாரை, எப்போது, எங்கே அடிக்கலாம் என்று தெரிந்து அடிப்பவனைக் கோபக்காரன் என்று சொல்லிவிட்டுப் போவது அவனுக்கு நாம் செய்யும் உதவி.

கல்யாணத்துக்கு முன்னால் நம் பக்கம் நன்றாகவே விசாரிப்பார்கள். என்ன கூட்டம் (குலம்), எந்தக் கோயில், எவ்வளவு பூமி, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, கடன் உண்டா, பையன் குடிப்பானா. இந்தப் பையன் எல்லாவற்றிலும் தேறியவன். வீட்டில் அம்மாவிடமும் தங்கச்சியிடமும் எப்படிப் பேசுகிறான், தறி ஓட்ட வரும் பெண்களை எப்படி நடத்துகிறான் என்று யாரும் கேட்கவில்லை. தறிக்கு வந்த ஒரு பெண்ணைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அடிக்கு முன்னால் நடந்தவை

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில், 1980களில் அடிபட்ட பெண்களோடு உட்கார்ந்து பேசி, கணவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதை ஒரு சக்கரப் படமாக வரைந்தார்கள். அடியும் பாலியல் வன்முறையும் அதன் வெளிவட்டம் மட்டும்தான். உள்ளே இருப்பவை வேறு: பணத்தைப் பிடித்துவைப்பது, சொந்தபந்தத்திலிருந்து பிரிப்பது, குழந்தையை வைத்து மிரட்டுவது, நடந்ததை நடக்கவே இல்லை என்று சாதிப்பது. பல்லடத்துத் தறி வீட்டுக்கும் அந்தப் படம் அப்படியே பொருந்துகிறது.

இவர் விஷயத்தில் முதல் அடி விழுந்தது கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து. ஆனால் கட்டுப்பாடு முதல் மாதமே தொடங்கிவிட்டது. “நம்ம வீட்டுப் பொண்ணு கம்பெனிக்குப் போய்ச் சம்பாரிச்சுத்தான் ஆகணுமா?” என்று மாமியார் கேட்டார், வேலை போனது. ஏடிஎம் கார்டு “தொலைஞ்சிடும், நானே வெச்சுக்கறேன்” என்று அவன் கைக்குப் போனது. கல்யாணச் சீராக வந்த 40 பவுனில் 32 பவுன், பழைய தறியை மாற்ற என்று சொல்லி அவன் பெயரில் வங்கியில் அடகுக்குப் போனது. அம்மா போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுப் பேச வேண்டும். கூடப் படித்த தோழிகள் “சரியில்லாதவங்க” ஆனார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் குடும்பப் பொறுப்பு போலத்தான் தெரியும். அக்கறை என்றே அவரும் நினைத்திருந்தார்.

ஸ்கூட்டர் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தையைப் பள்ளியில் விட, கடைக்குப் போக என்று ஒரு ஸ்கூட்டர், அவன் பெயரில். சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கும். பால் கணக்கு, பாவு இறங்கிய தேதி, சிலிண்டர் வந்த நாள் எல்லாம் அதில்தான். தினமும் காலையில் அவன் ஸ்கூட்டரின் கிலோமீட்டரைப் பார்த்து அந்தந்தத் தேதிக் கட்டத்தின் மூலையில் பென்சிலால் குறித்துவைப்பான். பள்ளிக்குப் போய்வர 7 கிலோமீட்டர். 11 ஓடியிருந்தால் ராத்திரி கணக்குச் சொல்ல வேண்டும். பாலம் வேலை நடக்கிறது, சுற்றிப் போனேன் என்றால் மறுநாள் அவனே போய்ப் பார்த்துவிட்டு வருவான். ஒரு முறை மிஸ்ஸிடம் பேசப் பள்ளியில் அரைமணி நேரம் நின்றார். கிலோமீட்டர் சரியாகத்தான் இருந்தது, நேரம் இடித்தது. அன்றைக்கு அடி விழுந்தது.

அந்த வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த எண்களைப் பார்த்திருப்பார்கள். தறிக் கணக்கு என்று நினைத்திருப்பார்கள்.

அடித்தானா என்ற கேள்வியிலேயே எல்லோரும் நின்றுவிடுகிறோம். நான் கேட்பது வேறு. கணவரிடம் கேட்காமல் நீங்கள் எங்கே போக முடியும்? நூறு ரூபாய் செலவு செய்தால் சொல்ல வேண்டுமா? யாரோடு பேச பயமாக இருக்கிறது? அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் வயிறு என்ன செய்கிறது? கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண் பதிலே சொல்லவில்லை, அழுதுவிட்டார். சட்டமும் இதைப் புரிந்துவைத்திருக்கிறது. 2005இல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடலை அடிப்பதோடு பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பணத்தாலும் சொத்தாலும் செய்யும் கொடுமை எல்லாவற்றையும் வன்முறை என்றே சொல்கிறது. நகையைக் கேட்காமல் அடகு வைத்ததும் அதில் வரும்.

திருப்பி அனுப்பிய கதை

அவர் மூன்று முறை அம்மா வீட்டுக்கு வந்தவர். மூன்று முறையும் திருப்பி அனுப்பப்பட்டவர்.

முறை ஒன்றுதான். இரண்டு மாமன்மாரும் பெரியப்பாவும் தோட்டத்துச் சாளையில் பாயை விரித்து உட்காருவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து நாலு பேர் வருவார்கள். காபி, பழம். கணவன் தலையைக் குனிந்து, “இனி இப்படி நடக்காதுங்க மாமா” என்பான். ஒரு முறை அழுதும் இருக்கிறான். அந்தப் பெண்ணிடம் யாரும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அடிச்சது தப்புதான், ஆனா நீயும் வாயைக் கொஞ்சம் கொறைச்சுக்கோணும் அம்மிணி” என்று தீர்ப்பு முடியும். போகும் வழியில் பட்டுச்சேலை. இரண்டு மாதம் வீடு அமைதியாக இருக்கும். மூன்றாவது மாதம் பழையபடி.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறோம் கண்ணு, இந்த நேரத்துல நீ வந்து உக்காந்தா எப்படி?” என்று அவர் கேட்டது பயத்தில் கேட்டது. ஆனால் அந்தப் பயத்தின் செலவை மகள்தான் ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பும்போதும் இவளுக்குப் போக்கிடம் இல்லை என்று அவனுக்கு நாமே சொல்லி அனுப்புகிறோம். மூன்றாவது சமாதானத்துக்குப் பிறகு விழுந்த அடிதான் இருப்பதிலேயே மோசமானது.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் கல்யாணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இந்திய சராசரியைவிட இது அதிகம். வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி கேட்டு வெளியே போனவர்கள் நாடு முழுக்க 14 சதவீதம்தான். கேட்டவர்களையும் இப்படித் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை அவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்?

தொண்டை கட்டிக்கொண்ட வாரம்

இரண்டாவது சந்திப்பில், போன மாதம் மூன்று நாள் குரலே வரவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். “சளிங்களா?” என்று கேட்டேன். “இல்லீங்க. துப்பட்டாவைப் போட்டு இறுக்கிட்டாரு. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. வெளிய ஒண்ணும் தெரியலீங்க, அதனால ஆஸ்பத்திரி போகல.”

அந்த நிமிடம் வழக்கின் அவசரம் மாறிவிட்டது. கணவனோ காதலனோ கழுத்தை நெரித்த பெண், பிறகு அவன் கையாலேயே கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கன்னத்தில் நாலு அறை விட்டதைவிடப் பல மடங்கு பெரிய எச்சரிக்கை இது. கழுத்தில் தழும்பு இல்லாமலும் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம், வீக்கம் பிறகு வரலாம், நாள் கழித்துப் பக்கவாதம்கூட வரலாம். குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண்ணில் ரத்தத் திட்டு, தலைசுற்றல் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கழுத்தை நெரித்தார்கள் என்று வாயால் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். அவரை அரசு மருத்துவமனையில் காட்டினோம். குழந்தைக்குக் காது பார்க்க என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்.

அன்றே கிளம்பிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெண் பிரிந்து போகிறாள் என்று தெரியும் நேரமும், போன பின் வரும் சில வாரங்களும்தான் உயிருக்கு ஆபத்து அதிகமான காலம். “நான் போறேன்” என்று சண்டையில் சொல்லிவிட்டுக் கிளம்புவது பாதுகாப்பு இல்லை. எப்போது, எப்படி என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். அவனுடைய முகத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். ஆனால் கையோங்கிவிட்டால் திட்டம் எல்லாம் அப்புறம், நேராக அவசர எண் 112 என்று பேசி வைத்துக்கொண்டோம்.

தயாரிப்பு

முதலில் போன். கைபேசியில் இருந்த கூகுள் கணக்கு கணவன் தொடங்கிக் கொடுத்தது, கடவுச்சொல் அவனிடம். வாட்ஸப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து பார்த்தால் குடோன் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் அதில் இருந்தது. இருப்பிடமும் பகிரப்பட்டிருந்தது. உடனே எல்லாவற்றையும் நீக்கிவிடலாமே என்று தோன்றும். நீக்கினால் அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் அந்தப் போனைத் தொடவே இல்லை. அதில் சமையல் வீடியோவும் அம்மாவோடு பேச்சும் வழக்கம்போல நடந்தன. எங்களோடு பேசியது, 181 மகளிர் உதவி எண்ணை அழைத்தது எல்லாம் பள்ளியில் மிஸ்ஸின் போனிலிருந்து. குழந்தையை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் மட்டும் பேசுவார். காலண்டரில் கிலோமீட்டர் சரியாக இருக்கும்.

அடுத்து காகிதங்கள். ஆதார், கல்யாணப் பதிவுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், நகை அடகு ரசீது. அசலை எடுத்தால் தெரிந்துவிடும் என்பதால், ஆதாரும் பிறப்புச் சான்றும் தவிர மற்றதையெல்லாம் போட்டோ எடுத்துவைத்தோம். பள்ளி விழா என்று மிஸ் தன் பழைய போனைக் குழந்தையின் பையில் வைத்து அனுப்பினார், மறுநாள் அது திரும்பிப் போனது. காலண்டரின் நான்கு மாதப் பக்கங்களையும் அதில்தான் படம் எடுத்தார். பென்சில் எண்கள் தெளிவாக விழுந்திருந்தன. டிகிரிச் சான்றிதழ் அம்மா வீட்டிலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று.

நகைக்குப் பில் இல்லை என்று கவலைப்பட்டார். கல்யாண ஆல்பம் இருந்தது. பெண் வீட்டிலிருந்து அவருக்கென்று வந்த நகை சீதனம். அது அவருடைய சொத்து, கணவன் கையில் இருந்தாலும் கணவனுடையது ஆகாது என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்ப வன்முறைச் சட்டத்திலும் சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம்.

எங்கே போவது என்பதில்தான் நாள் ஆனது. அம்மா வீடு முதலில் தேடும் இடம். கோவையில் பெரியம்மா மகள் ஒருத்தர் வாடகை வீட்டில் இருக்கிறார். அவருக்கும் இந்தக் கணவனுக்கும் போக்குவரத்து இல்லை. “நீ வாடி, நான் இருக்கேன்” என்று அக்கா ஒரே வார்த்தையில் சொன்னார். எங்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? முதல் ஐந்து நாளுக்கு ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம். 2015 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் நடக்கும் இந்த மையங்களில் தங்கல், மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, ஆலோசனை எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். குழந்தையையும் கூட்டிப் போகலாம், காசு கிடையாது.

நெய்த துணியைக் கொடுத்துவிட்டுப் புதுப் பாவு எடுத்துவர அவன் சோமனூர் போகும் நாளைத் தேர்ந்தெடுத்தார். மத்தியானம் வரை திரும்ப மாட்டான். பெட்டி கிடையாது, குழந்தையின் பள்ளிப் பையில் இரண்டு ஜோடித் துணியும் ஆதாரும். கைபேசியைச் சார்ஜில் போட்டு வீட்டிலேயே விட்டார், இருப்பிடம் வீட்டையே காட்டட்டும் என்று. ஸ்கூட்டரைப் பள்ளி வாசலில் நிறுத்தி, சாவியை மிஸ்ஸிடம் கொடுத்தார். அவன் பெயரில் உள்ள வண்டியை எடுத்துப் போனால் நாளைக்குத் திருட்டுப் புகார் வரும். பள்ளி வாசலிலிருந்து அக்கா கொண்டுவந்த காரில் கோவை.

அதன் பிறகு

கோவை போனதும் முதல் வேலையாக, தன் விருப்பத்தின் பேரில் குழந்தையோடு வந்திருப்பதாகவும் காரணம் என்ன என்றும் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கினார். சாயங்காலமே ஊரில் ‘மனைவியும் குழந்தையும் காணவில்லை’ என்று அவன் புகார் கொடுத்தான். இந்த ரசீது இருந்ததால் அது அங்கேயே முடிந்தது. ரசீது வாங்காமல் வாய்ப்பேச்சாக விட்டுவரக் கூடாது.

“அவரை ஜெயில்ல போட வேண்டாமுங்க, என்னை விட்டாப் போதும்” என்றார். இதை நான் அடிக்கடி கேட்கிறேன். ஜெயில் பயத்தால் மனு கொடுக்காமலே இருந்துவிடும் பெண்கள் நிறைய. கணவனின் கொடுமைக்கான குற்ற வழக்கு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்று இருந்தது, 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு, அது தனி. குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்டால் யாரும் கைதாக மாட்டார்கள். நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, குடியிருக்கும் உரிமை, செலவுப் பணம், குழந்தையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் உரிமை, இழப்பீடு ஆகியவை அதில் கிடைக்கும். தற்போது தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். பல்லடத்துக்கு அலைய வேண்டியதில்லை. சமூக நலத் துறையின் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் நடந்ததைக் கேட்டு அறிக்கை தயாரித்து நீதிபதிக்கு அனுப்பினார். வக்கீலுக்குக் காசு இல்லை என்ற கவலையும் வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு வருமானம் பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் இலவசமாக வக்கீல் தரும், 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இடைக்கால உத்தரவு கிடைத்தது: அவரையும் குழந்தையையும் அணுகக் கூடாது, மாதம் 12,000 ரூபாய் தர வேண்டும். கழுத்தை நெரித்ததற்கான மருத்துவக் குறிப்பும் காலண்டர் படங்களும் மனுவோடு போயின. எதிர்த்தரப்பு வக்கீல், தறிக் கணக்கு என்று அந்த எண்களுக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களிலும் பள்ளி விடுமுறைக் கட்டங்களிலும் எண் ஏறாமல் நின்றிருந்தது அந்த விளக்கத்துக்குப் பொருந்தவில்லை.

அப்பா முதல் இரண்டு வாய்தாவுக்கும் வரவில்லை. மூன்றாவதற்கு வந்து வராண்டாவில் ஓரமாக நின்றார். தங்கச்சியின் வரன் ஒன்று இதனால் தட்டிப்போனது உண்மை. “அக்காளைத் திருப்பி அனுப்பி வெச்சாத்தான் வருவேன்னு சொல்ற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்” என்று தங்கச்சியே சொல்லிவிட்டாளாம்.

அவர் இப்போது கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறார். நகை இன்னும் அடகில்தான். மீட்டுத் தரச் சொல்லி மனு நடக்கிறது. நான்கு மாதம் கழித்து அவன் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்று, சத்தம் போடாமல், “வீட்டுக்கு வா” என்று மட்டும் சொன்னான். அவர் உள்ளே போய் 112க்கு அழைத்து, கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் உத்தரவு நகலை வந்த போலீசாரிடம் காட்டினார். பாதுகாப்பு உத்தரவை மீறினால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜெயில் வேண்டாம் என்று சொன்னவரே இந்த முறை புகாரில் கையெழுத்துப் போட்டார். வழக்கு பதிவாகியிருக்கிறது.